15 நாள் போலீஸ் காவல்: 187ஆம் பிரிவில் மாறியது என்ன?

வைகைக்கரை:
பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, போலீஸ் காவலை 15 நாளுக்கு மேல் அனுமதிக்கிறது என்று சிலரும், பழைய வரம்பே தொடர்கிறது என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி?

கருப்பங்கி:
மொத்தம் 15 நாள் என்பது மாறவில்லை. அதை எப்போது கேட்கலாம் என்பதுதான் மாறியிருக்கிறது. பழைய சட்டத்தின் 167ஆம் பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், ரிமாண்டின் (கைதானவரைக் காவலில் வைக்க நீதிமன்றம் இடும் உத்தரவின்) முதல் 15 நாள்களுக்குள் மட்டுமே போலீஸ் காவல் வழங்க முடியும் என்று 1992இல் அனுபம் குல்கர்னி வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போதோ, புதிய சட்டத்தின் 187ஆம் பிரிவுப்படி, குற்றத்தின் கடுமையைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாள்களுக்குள் அந்த 15 நாளைப் பிரித்துப் பிரித்துக் கேட்கலாம். மூன்று நாள் விசாரணை முடிந்து புழல் சிறைக்கு அனுப்பப்பட்டவரை, ஒரு மாதம் கழித்து மீண்டும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல முடியும். அடி விழும் என்ற அச்சம் அதுவரை நீடிக்கும் என்பதே என் கவலை.

தராசு:
புலனாய்வுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. அமலாக்கத் துறை கைது செய்த அன்றைய தமிழக அமைச்சர் செந்தில் பாலாஜி மருத்துவமனையில் இருந்தபோதே முதல் 15 நாள் கழிந்துவிட்டதால், அந்த வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமே குல்கர்னி தீர்ப்பை மறுபரிசீலனைக்காகப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆனால் விதிவிலக்கான ஒரு சூழலுக்காக எல்லாக் கைதிகளுக்கும் பொதுவிதியைத் தளர்த்தியது மிகை.

வைகைக்கரை:
அப்படியானால் 60 நாள் வரை ஜாமீன் கிடைக்காதா?

கருப்பங்கி:
கிடைக்கலாம். முதல் 15 நாளுக்குப் பிறகும் போலீஸ் காவல் தேவைப்படலாம் என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஜாமீனை மறுக்கக் கூடாது என்று 480ஆம் பிரிவு சொல்கிறது; மனுவில் அதைக் குறிப்பிட்டே வாதிட வேண்டும்.