பனிமிதியடி: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

வெண்பனி மூடிய மலையில் நடப்பதற்காகக் காலில் பூட்டும், ஆங்கிலத்தில் 'snowshoe' எனப்படும் அகன்ற சட்டத்துக்குத் தமிழில் இதுவரை 'பனிச்சப்பாத்து', 'பனிக்காலணி' என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் அந்த ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்தவையே அன்றி, அந்தப் பொருள் செய்யும் வேலையைக் காட்டுபவை அல்ல. மொன்றியலில் படித்த காலத்தில் அதைப் பூட்டிக்கொண்டு மலையேறியவன் என்ற முறையில் என் காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மாசி மாதத்தில் நண்பர்கள் ஐந்து பேர் நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைகளில் ஒன்றான கஸ்கேட் மலையில் ஏறினோம். அதன் உயரம் ஏறத்தாழ 1249 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான நம் பிதுருதலாகலையில் பாதிதான். அந்த உயர்சிகர வனப்பகுதியில் வெண்பனி 8 அங்குலத்துக்கு மேல் கிடக்குமானால், இந்தச் சட்டத்தையோ பனிச்சறுக்குப் பலகையையோ அணியாமல் நடப்பது விதிமீறலாகும். வெறும் சப்பாத்தோடு நடப்பவரின் கால் பாதையில் ஆழமான குழிகளை உண்டாக்கும். அவை இரவில் உறைந்து இறுகிவிட்டால், அடுத்து வருபவர் கால் இடறி எலும்பை முறித்துக்கொள்ள நேரும் என்பதே அந்த விதியின் காரணம். உணவுக்காக நின்ற இடத்தில் நான் சட்டங்களைக் கழற்றிவிட்டு, தேவதாருவைப் போன்ற ஒரு மரத்தின் அருகே இரண்டு அடி வைத்தேன். தாழ்ந்த கிளைகளின் கீழே பனி இறுகாமல் வெற்றிடமாக இருந்ததால் இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டேன். இரண்டு பேர் கைகொடுத்துத்தான் என்னைத் தூக்கினார்கள். அப்போது என் வாயில் வந்த சொல், வயலில் உழவு இயந்திரம் சேற்றில் அகப்பட்டால் நாம் சொல்லும் அதே 'தாண்டுவிட்டது' (புதைந்துவிட்டது) என்பதுதான்.

ஆகவே இங்கே அடிப்படைக் கருத்து தாழாமல் மிதிப்பது. பாதத்தை மூடுவது அன்று. நம் பாடநூல் மொழியில் சொன்னால், நிறை மாறாதிருக்கப் பரப்பளவைக் கூட்டி அமுக்கத்தைக் குறைப்பது. சப்பாத்தின் அடி ஏறத்தாழ 300 சதுர சென்ரிமீற்றர் என்றால், 20 சென்ரிமீற்றர் அகலமும் 64 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள சட்டம் அதைப்போல் நான்கு மடங்குக்குக் கிட்ட வரும். குளிருக்கான தடித்த சப்பாத்தை அணிந்த பிறகே அதன் மேல் இதைப் பூட்டுகிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். 'பனிச்சப்பாத்து' என்றால், படிப்பவர் உள்ளே இருக்கும் அந்தச் சப்பாத்தையே எண்ணிக்கொள்வார். போர்த்துக்கேயரிடமிருந்து வந்து நம் சொல்லாகவே ஆகிவிட்ட சப்பாத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே.

நான் முன்மொழிவது 'பனிமிதியடி'. துறவியர் அணியும் மரமிதியடியை நினைத்துப் பாருங்கள்: முன்பக்கக் குமிழை விரல்கள் பற்றியிருக்க, அடி எடுக்கும்போது குதிக்கால் கட்டின்றி எழுகிறது. பனிச்சட்டமும் அப்படித்தான். பாதத்தின் முன்பகுதி மட்டுமே வாரால் பூட்டப்படும், குதிக்கால் விடுபட்டிருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் குதியின் கீழே ஒரு கம்பியை நிமிர்த்தி வைத்துக் கெண்டைக்காலின் களைப்பைக் குறைக்கலாம். அதைக் 'குதிதாங்கி' எனலாம். அடியில் உறைபனியைக் கவ்வும் உலோகப் பற்களுக்குக் 'கவ்வுபல்' போதும். தமிழகத்தில் வாசலில் கிடக்கும் கால்துடைப்பானுக்கும் மிதியடி என்ற பெயர் உண்டு என்பது உண்மையே. ஆனால் 'பனி' முன்னே நிற்கையில் அந்த மயக்கம் எழாது.

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மரச்சட்டத்தை வளைத்துப் பதனிடாத தோல்வாரால் பின்னிய பழைய வகையைப் பார்த்தபோது, வாவியில் இறால் பிடிக்கும் அத்தாங்கு என்னும் கைவலையின் நினைவே எனக்கு வந்தது. எனினும் உருவத்தை வைத்துப் பெயரிட்டால், இன்றைய அலுமினியச் சட்டத்துக்கும் பிளாஸ்ரிக் தகட்டுக்கும் அது பொருந்தாமல் போகும்.

'பனி' என்றால் நமக்கு மார்கழிப் பனியே என்ற ஆட்சேபம் நியாயமானது. இச்சொல்லை ஆளும் கட்டுரையின் தொடக்கத்தில் 'வெண்பனி' என்று ஒருமுறை தெளிவுபடுத்திவிட்டுத் தொகைச்சொல்லில் 'பனி' என்று சுருக்குவதே என் பரிந்துரை. காரைதீவில் பிறந்து, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, பின்னர் இமயமலையின் மாயாவதி ஆசிரமத்தில் பணியாற்றிய விபுலாநந்த அடிகளின் மண்ணிலிருந்து எழுதுகிறோம். வெண்பனியைக் காணாத ஊர் என்பதற்காக அதற்கான சொல்லை நாம் பிறரிடம் விட்டுவிட வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை: கால் தாண்டு, பனியில் விட்டுச்செல்லும் அந்தக் குழி. 'தாழ்குழி' என்று எழுதிப் பார்த்தேன், உயிரில்லாமல் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களில் எருமை மிதித்துக் காய்ந்து இறுகிய சேற்றுக் குழிக்கு விவசாயிகள் வழங்கும் சொல் எதுவென்று, அப்பகுதி நண்பர்கள் கேட்டு எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.