பக்கத்தில் விளைந்ததையே வாங்குவதில் உண்மையில் லாபம் உண்டா?

பசிக்காரன்:
பெரிய பண்ணைகளிலிருந்து வரும் காய்கறி வேண்டாம், சுற்றுவட்டார விவசாயிகளிடமே வாங்கலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ருசி அதிகம், மருந்து குறைவு என்று காரணம் அடுக்குகிறார்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, அது பரவாயில்லை. இதில் எது நிஜம், எது சும்மா சொல்வது?

கணக்குப்பிள்ளை:
சுற்றுச்சூழலுக்காக மட்டும் என்றால் ரொம்ப நம்பாதீர்கள். வெபர், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் அமெரிக்க உணவை வைத்துப் போட்ட கணக்கில், உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்து மொத்தமும் சேர்த்தே 11 சதவீதம்தான். அதிலும் பண்ணையிலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் வெறும் 4 சதவீதம். பெரும்பகுதி விளைவிக்கும்போதே, உரத்திலும் கால்நடையிலும் வெளியாகிவிடுகிறது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலைச் சூடாக்கிப் பக்கத்திலேயே விளைவித்த தக்காளியைவிட, வெயிலடிக்கும் தேசத்திலிருந்து லாரியில் வந்தது தேவலை என்றுகூட ஆகலாம். விமானத்தில் வருவது மட்டும் தனிக் கதை, அதைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

வரப்பு:
கணக்கு சரிதான், ஆனால் சாப்பிடுகிறவனுக்குக் கரியமில வாயு மட்டுமா விஷயம்? தூரத்துக்குப் போக வேண்டிய தக்காளியைப் பச்சையாகவே பறித்து, போய்ச் சேர்ந்தபின் எத்திலீன் வாயு காட்டிப் பழுக்க வைப்பது வழக்கம், நிறம் வந்துவிடும், ருசி வராது. ரகத்தையே அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்: தடித்த தோல், ஒரே அளவு, அடிபட்டால் நசுங்கக் கூடாது. கீரை இன்னும் மோசம், பறித்த நாளிலிருந்தே அதன் வைட்டமின் சி குறைய ஆரம்பிக்கும்.

அப்புறம், பெரிதாகச் செய்யும்போது தப்பும் பெரிதாகவே நடக்கும். 2006-இல் அமெரிக்காவில் பையில் அடைத்த பசலைக்கீரையால் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவியது, 26 மாநிலங்களில் 200 பேர் அளவுக்குப் படுத்தார்கள். விசாரணை கடைசியில் ஒரே ஒரு வயலைக் கைகாட்டியது. சின்னத் தோட்டத்தில் கிருமியே வராது என்று சொல்லவில்லை, வந்தால் நாலு தெருவோடு நிற்கும்.

பசிக்காரன்:
சரி, ருசி ஒப்புக்கொள்கிறேன். மருந்து?

மாடித்தோட்டம்:
பக்கத்தில் விளைந்தது என்பதற்கும் மருந்தடிக்காதது என்பதற்கும் சம்பந்தமே இல்லை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சின்ன விவசாயியும் பூச்சி வந்தால் அடிப்பார். ஆனால் அவரிடம் நேரில் கேட்கலாம். என்ன அடித்தீர்கள், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், கவனமாகச் செய்கிறவர் பட்டென்று பதில் சொல்வார்.

இன்னொன்று, விற்கிறவர்தான் விளைவிக்கிறவரா என்று பாருங்கள். மொத்தச் சந்தையில் வாங்கி வந்து தன் தோட்டத்துச் சரக்கு என்று விற்பவர்களும் உண்டு. பருவத்தில் இல்லாத காயெல்லாம் அவரிடம் வருஷம் முழுக்கக் கிடைத்தால் சந்தேகப்படலாம்.

கணக்குப்பிள்ளை:
இதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஒரு கூடை காய்க்காகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போகாதீர்கள், மிச்சம் பிடித்த புகை அதிலேயே போய்விடும். நாலு வீடு சேர்ந்து மொத்தமாக வரவழைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், விவசாயிக்கும் எவ்வளவு பறிப்பது என்று முன்கூட்டியே தெரியும்.