நெய்யில்லாத் தினைப் பொங்கல் ஆறியதும் இறுகுகிறது, என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். தைப்பொங்கலுக்குப் பால், நெய் சேர்க்காத தினைச் சர்க்கரைப் பொங்கல் பற்றி ஒரு சந்தேகம்.

அளவு: தினை 1 கப், வறுத்த பாசிப்பருப்பு கால் கப், பொடித்த வெல்லம் ஒன்றரை கப், ஒரு தேங்காயின் பால். தினையையும் பருப்பையும் 3 கப் தண்ணீர், 2 கப் இரண்டாம் பாலில் திறந்த பாத்திரத்தில் குழைய வேகவைத்து, மசித்த பிறகே வடிகட்டிய வெல்லக் கரைசல். வெல்லம் முந்திக்கொண்டால் தினை நறுக்கென்று நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் குழையாது. முதல் பால் அடுப்பை அணைத்த பின்தான், கொதித்தால் திரியும். முந்திரி, திராட்சை தேங்காய் எண்ணெயில். ஏலக்காய், துளி உப்பு.

ருசியில் குறையே இல்லை. சூட்டில் கரண்டியிலிருந்து தளதளவென்று விழுகிறது. ஆனால் படைத்துவிட்டு இலையில் பரிமாறுவதற்குள் கத்தி போட்டு வெட்டலாம் போல இறுகிவிடுகிறது. வெந்நீர் விட்டால் தளர்கிறது, இனிப்பும் சப்பென்று ஆகிவிடுகிறது.

வேகும்போதே தண்ணீரை ஒரு கப் கூட்டலாமா? பருப்பை அரை கப் ஆக்கினால் இளக்கம் நிற்குமா? கடைசியில் ஊறவைத்து அரைத்த முந்திரி விழுது சேர்த்துப் பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்களேன். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், ஏலக்காய் வாசனையை அமுக்கிவிடும்.