மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் போடலாமா? (திருப்பூர்)

அவிநாசி_சாலை:
வணக்கம். எனக்கு வயது 36. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாம்பிள் ஒப்புதல் வாங்குவதிலிருந்து ஷிப்மென்ட் ஏற்றுவது வரை அனைத்தும் என் கைவழியாகவே நடக்கின்றன. எந்த யூனிட் சொன்ன நாளில் பீஸ் கொடுக்கும், எந்த யூனிட் கடைசி நாளில் கைவிரிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். 20 மிஷின்களோடு, கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று போட விரும்புகிறேன். கையில் 9 லட்சம் சேமிப்பு இருக்கிறது. பழையதும் புதியதுமாக மிஷின்களுக்கு 8 லட்சம் ஆகும் என்று விலை கேட்டு வைத்திருக்கிறேன். மேற்கொண்டு தேவைப்பட்டால் வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம். முதல் ஆர்டரைத் தருவதாக நான் வேலை செய்யும் நிறுவனத்திலேயே வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதைத் தாண்டினால் எனக்குத் துணிவு வராது என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

பழைய_பவர்டேபிள்:
தம்பி, தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். வேலையை விடாதீர்கள். நானும் உங்களைப் போலவே 2013இல் சம்பளத்தை விட்டு வெளியே வந்து, 18 மிஷின்களோடு ஆறு ஆண்டுகள் யூனிட் நடத்தி மூடியவன். தையல் தெரியாமல் மூடவில்லை, ஆர்டர் இல்லாமலும் மூடவில்லை.

உங்கள் கணக்கில் மிஷின் இருக்கிறது, சனிக்கிழமை இல்லை. 20 மிஷின் என்றால் டைலர்கள் 20 பேர். கைமடி (டைலருக்கு உதவுபவர்), செக்கிங், அயர்னிங் என்று இன்னும் 10 பேர். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் வாரத்துக்குச் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் சம்பளம் ஆகும். அதைச் சனிக்கிழமை மாலை எண்ணிக் கையில் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். அடுத்த தெருவிலேயே அவர்களுக்கு வேலை காத்திருக்கிறது. ஆனால் உங்கள் பில்லுக்குப் பணம் வருவதோ 90 நாள் கழித்து. 90 நாள் என்பது ஏறத்தாழ 13 வாரம். அதாவது முதல் ரூபாய் உள்ளே வருவதற்கு முன்பே 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் சம்பளமாக வெளியே போயிருக்கும். வாடகை, மின்கட்டணம், நூல், ஊசி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. மிஷின் வாங்கியபின் உங்களிடம் மிஞ்சுவது 1 லட்சம். ஒரு வாரச் சம்பளத்துக்கே அது போதாது.

நான் மூடிய கதை ஒரு டெபிட் நோட்டில், அதாவது பில்லில் கழிவு போட்டு அனுப்பும் சீட்டில் முடிந்தது. துணியிலேயே நிற வேறுபாடு இருந்தது; அதைக் கட்டிங்குக்கு முன்பே நான் சொன்னேன், தைத்துக் கொடுங்கள் என்றார்கள். பையர் தள்ளுபடி கேட்டபோது அந்தத் தொகை என் பில்லில் கழிக்கப்பட்டது. எழுத்தில் எதையும் வாங்கி வைக்காதது என் தவறு. அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் கொடுத்தேன், நான்காவது சனிக்கிழமை மிஷின்களை விற்றேன்.

காதர்பேட்டை_24:
அண்ணன் பட்ட வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து "வேலையை விடாதே" என்ற முடிவுக்கு அவர் வருவதை ஏற்க முடியவில்லை. இந்த ஊரில் இன்று பெரிய யூனிட் வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் இன்னொருவரின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவோ டைலராகவோ நின்றவர்கள். சம்பளக்காரர் முதலாளியாவதுதான் திருப்பூர் வளர்ந்த முறை. அந்த வழி அடைபட்டுவிட்டது என்று சொல்வதற்கு ஒருவரின் தோல்வி போதாது.

நான் 2009இல் 6 மிஷின்களோடு தொடங்கினேன். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் ஒரே வீச்சில் மூடப்பட்டபோது எனக்குத் தொழிலில் இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. துணி வெளியூர்களில் சாயமேறி வர வேண்டியிருந்த அந்த மாதங்களில் ஏற்றுமதி வேலையை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். காதர்பேட்டை வியாபாரிகளுக்கான உள்நாட்டு வேலையையும் பாதி அளவுக்கு வைத்திருந்ததால் நான் நின்றேன். பீஸுக்குக் கூலி குறைவுதான். ஆனால் வாரந்தோறும் கொஞ்சமாவது பணம் கைக்கு வரும். அண்ணன் 18 மிஷினையும் ஏற்றுமதி வேலைக்கே ஓட்டினாரா, எத்தனை கம்பெனிகளுக்குத் தைத்தார் என்பதை அவர் சொன்னால் விவாதம் தெளிவாகும்.

சம்பள வேலையைப் பாதுகாப்பு என்று நினைப்பதும் சரியில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது ஆர்டர்கள் நின்றதை நாம் அனைவரும் பார்த்தோம். அந்த வாரங்களில் மெர்ச்சண்டைசர்களும் நிம்மதியாக உறங்கவில்லை.

பழைய_பவர்டேபிள்:
கேள்வி நியாயமானது. இரண்டே கம்பெனிகளுக்குத் தைத்தேன், இரண்டும் ஏற்றுமதி. அதில் பெரிய கம்பெனியே என் வேலையில் முக்கால் பங்கைக் கொடுத்தது. ஆனால் இந்தத் தம்பியின் திட்டத்திலோ இருப்பது ஒரே கம்பெனி, அதுவும் வாய்மொழி உறுதி. வரி ஏறி ஆர்டர் நிற்கும்போது மெர்ச்சண்டைசருக்குப் போவது அவருடைய சம்பளம். யூனிட்காரனுக்கோ முப்பது பேரின் சம்பளம் தலையில் நிற்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

தணிக்கை_மேசை:
நான் சிறு யூனிட்களுக்குக் கணக்கு எழுதுபவன். விடலாமா கூடாதா என்பதில் நான் தலையிடவில்லை. விடுவதாக இருந்தால் சட்டமும் வரியும் எங்கே கைகொடுக்கும், எங்கே கழுத்தைப் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கு வர வேண்டிய பணிக்கொடையை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 11 ஆண்டுகளாலும் பெருக்கினால் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வருகிறது. வருங்கால வைப்பு நிதியில் ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிந்துவிட்டதால் எடுக்கும் தொகைக்கு வருமான வரி இல்லை. ஆனாலும் அதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. ஓய்வூதியக் கணக்கில் 10 ஆண்டைத் தாண்டியவர்களுக்கு 58 வயதில் ஓய்வூதிய உரிமை உண்டு. அதற்கான திட்டச் சான்றிதழை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்கள் ஏற்கப்படுகின்றன. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. இரண்டுக்கும் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். ஆனால் மானியம் கையில் வரும் பணம் என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய அரசின் திட்டத்தில் அது மூன்று ஆண்டுகள் வங்கியில் உங்கள் பெயரில் வைப்பாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்: சிறு தொழில்களுக்குச் சொத்துப் பிணையம் இல்லாமலே கடன் கொடுக்க வங்கிகளுக்கு சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டம் 2000 முதல் இருக்கிறது. மேலாளர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்க வேண்டும்.

90 நாள் பாக்கிக்கும் சட்டத்தில் மருந்து உண்டு. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டத்தால் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43பி(எச்) பிரிவு வந்தபின், காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வாங்குபவர் காட்ட முடியாமலும் போனது. இவற்றைப் பயன்படுத்த முதல் நாளே குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கழுத்தைப் பிடிக்கும் இடம் ஜிஎஸ்டி. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 5 சதவீத வரியை நீங்கள் கட்டிவிட வேண்டும். பணம் உங்களுக்கு வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பழைய_பவர்டேபிள்:
சட்டம் இருப்பது உண்மை. ஆனால் 45 நாளில் பணம் வரவில்லை என்று முறையிட்ட யூனிட்டுக்கு அடுத்த டிசி (துணியோடு வரும் டெலிவரி சலான்) எங்கிருந்து வரும்? முறையீட்டுக்குக் கையெழுத்துப் போடும் அன்றே அந்தக் கம்பெனியின் ஆர்டருக்கும் முழுக்குப் போட்டதாகத்தான் பொருள்.

தணிக்கை_மேசை:
முறையிடுவதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 43பி(எச்) பிரிவுக்கு முறையீடே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குபவரின் தணிக்கையாளரே மார்ச் மாதத்தில் பாக்கிப் பட்டியலைக் கேட்பார். எங்கள் அலுவலகத்தில் பார்த்தவரை, மார்ச் மாதத்திலாவது பழைய பாக்கிகள் நகர்கின்றன. அதற்கு மேல் நான் உறுதி சொல்லமாட்டேன்.

வெள்ளியங்காடு:
நான் ஒரு பெண். என் கணவர் வேலையில் இருந்தபடியே, என் பெயரில் வீட்டின் முன்கூடத்தில் 4 மிஷின்கள் போட்டு ஐந்து ஆண்டுகள் நடத்தினோம். வீட்டுச் செலவு அவர் சம்பளத்தில் ஓடியது, யூனிட் தன் காலில் நின்றது. விடுவதா, இருப்பதா என்று இரண்டே வழிகளை மட்டும் ஏன் பேசுகிறீர்கள்? சகோதரர் இன்னும் இரண்டு ஆண்டுகள் வேலையில் இருந்துகொண்டே சிறிதாகத் தொடங்கலாமே.

காதர்பேட்டை_24:
சகோதரி, உங்கள் கணவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரியாது. உங்களைக் குறை சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஆனால் மெர்ச்சண்டைசர் ஒருவர் வேலையில் இருந்துகொண்டே மனைவி பெயரில் யூனிட் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எந்த யூனிட்டுக்கு எவ்வளவு பீஸ், என்ன விலை என்று நிர்ணயிப்பதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. தன் வீட்டு யூனிட்டுக்கு அரை ரூபாய் கூட்டிப் போடவில்லை என்று அவர் சத்தியம் செய்தாலும், எளிதான ஸ்டைலை அங்கே அனுப்பினாரா இல்லையா என்பதை யார் பார்ப்பது? அந்த அரை ரூபாயை இழப்பவர்கள் என்னைப் போன்ற யூனிட்காரர்கள். இந்த ஊரில் ஒருவர் பெயர் கெட்டால் அது மறுநாளே பி.என். ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு எந்தக் கம்பெனியும் அவரை நம்பித் துணி அனுப்பாது. விடுவதென்றால் முழுதாக விட்டு, நேராக வெளியே வர வேண்டும்.

வெள்ளியங்காடு:
என் கணவர் நூற்பாலையில் மின்பணியாளர்; அவருக்கும் பனியன் ஆர்டருக்கும் தொடர்பு கிடையாது. நீங்கள் சொல்லும் இடர் மெர்ச்சண்டைசருக்கு உண்டு என்பதை ஏற்கிறேன். அப்படியானால் தன் நிறுவனத்தின் வேலையை எடுக்காமல் உள்நாட்டு வேலையை மட்டும் எடுக்கலாம், அதையும் நிறுவனத்திடம் சொல்லிவிட்டு எடுக்கலாம். சொல்ல முடியாத வேலை என்றால் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். வீட்டுப் பத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டீர்களா? சனிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலில் போவது வங்கிப் பணம் அல்ல, வீட்டுப் பெண்களின் நகை. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் அதைப் பார்த்திருக்கிறேன்.

அவிநாசி_சாலை:
அனைவருக்கும் நன்றி. சகோதரியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்கவில்லை. நேற்றிரவுதான் மனைவியிடமும் அம்மாவிடமும் பேசினேன். பத்திரம் வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள், அது முடிந்த பேச்சு.

வேலையில் இருந்துகொண்டே நடத்தும் வழியை நான் எடுக்கப்போவதில்லை. உள்நாட்டு வேலையாக இருந்தாலும், பகலில் மற்ற யூனிட்களிடம் தரம் கேட்டுவிட்டு இரவில் என் யூனிட்டைப் பார்க்கப் போவது எனக்கு ஒத்துவராது. கணக்கை மட்டும் திருப்பிப் போட்டேன். 20 மிஷின் வேண்டாம், 8 மிஷின். டைலர்கள் 8, மற்றவர்கள் 4. வாரச் சம்பளம் 48 ஆயிரம், 13 வாரத்துக்கு 6 லட்சத்து 24 ஆயிரம். சேமிப்பும் பணிக்கொடையும் சேர்ந்து 10 லட்சத்து 90 ஆயிரம். மிஷினுக்கு 3 லட்சமும் கட்டட அட்வான்ஸுக்கு 1 லட்சமும் போனால் 6 லட்சத்து 90 ஆயிரம் மிஞ்சும். 13 வாரத்தையும் தாண்டிவிடலாம் போலிருக்கிறது.

பழைய_பவர்டேபிள்:
நல்ல மாற்றம். ஆனால் அந்த 13 வாரமும் உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? மாதம் 35 ஆயிரம் என்றால் மூன்று மாதத்துக்கு 1 லட்சத்து 5 ஆயிரம். அதைச் சேர்த்தால் 7 லட்சத்து 29 ஆயிரம் ஆகிவிடுகிறது. உங்களிடம் இருப்பதோ 6 லட்சத்து 90 ஆயிரம். மின்கட்டணமும் வாடகையும் இன்னும் வெளியே நிற்கின்றன. 12 பேர் என்பதால் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயும் உண்டு, சம்பளத்தில் உங்கள் பங்கு 3.25 சதவீதம். கணக்கு இன்னும் இடிக்கிறது, தம்பி.

காதர்பேட்டை_24:
இடிப்பது 13 வாரமும் ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக்கொண்டால்தான். 8 மிஷினில் மூன்றை உள்நாட்டு வேலைக்கு ஒதுக்கினால் ஐந்தாவது வாரத்திலிருந்து ஓரளவு பணம் வரும். ஏற்றுமதி வேலைக்கும் வாரக் கூலியில் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். புது யூனிட்டுக்குத் தரமாட்டார்கள் என்பார்கள். ஆனால் நீங்கள் 11 ஆண்டுகள் ஷிப்மென்ட் தவறாமல் ஏற்றியவர், கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறது.

அவிநாசி_சாலை:
முன்பணம், 45 நாள் கெடு, துணிக் குறைக்கு டெபிட் நோட் கிடையாது: இந்த மூன்றையும் எழுத்தில் தருமாறு என் நிறுவனத்திலும், எனக்குத் தெரிந்த இன்னொரு நிறுவனத்திலும் இந்த வாரமே கேட்கிறேன். ஒருவராவது கையெழுத்திட்டால் தீபாவளி போனஸுக்குப் பிறகு விலகல் கடிதம் கொடுப்பேன். இருவரும் மறுத்தால் அடுத்த ஆண்டு வரை சேமிப்பைக் கூட்டுவேன். அண்ணா, அந்த ஒப்பந்தத்தில் நிற வேறுபாட்டை எப்படி எழுதினால் நிற்கும் என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

பழைய_பவர்டேபிள்:
நீங்கள் விடக்கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஆனாலும் சொல்கிறேன். "துணி வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் ரோல் வாரியாகச் சோதித்து, குறையை எழுத்தில் தெரிவித்தபின் கம்பெனி தைக்கச் சொன்னால், அந்தக் குறைக்கான இழப்பு தையல் கூலியில் கழிக்கப்படாது" என்று எழுதுங்கள். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, டிசி எண்ணோடு பின் குத்தி வையுங்கள். பணம் கைக்கு வரும்வரை அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.