மறு: 'கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்' - அடிமனை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலத்தைத் தான் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் மக்களுக்கு விற்கும் அமைப்புதான் 'கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் 'சமூக நில அறக்கட்டளை'க்குத்தான் ஆதரவு அதிகம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அறக்கட்டளை என்றதும் நமக்கு அன்னதானமும் கல்வி உதவித்தொகையும்தான் நினைவுக்கு வரும். இங்கே வீடு வாங்குபவர் தானம் பெறவில்லை. வங்கிக் கடன் எடுத்துக் காசு கொடுத்து வாங்குகிறார். 'சமூகம்' என்பதோ தமிழ்நாட்டில் பாதி நேரம் சாதிக்கு மறுபெயர். 'சமூக நிலம்' என்று எழுதினால், 'எந்தச் சமூகத்துக்கு?' என்று முதல் கேள்வியே வந்துவிடும்.

சரி, அந்த அமைப்பு என்ன செய்கிறது? நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறது. நிலம் நீண்டகாலக் குத்தகை, பல இடங்களில் 99 ஆண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கியது பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே வீட்டை விற்பவருக்கு, அவர் வாங்கிய விலையோடு, சந்தை மதிப்பில் ஏறிய தொகையில் 25 விழுக்காடு மட்டும்தான் கிடைக்கும். ஒரு பேச்சுக்கு, 2,00,000 டாலர் பெறும் வீட்டை ஒருவர் 1,50,000க்கு வாங்குகிறார் என்று வைப்போம். சில ஆண்டுகளில் சந்தை மதிப்பு 2,40,000 ஆகிறது. ஏற்றம் 40,000, அதில் 25 விழுக்காடு 10,000. ஆக, அவர் விற்கும்போது கிடைப்பது 1,60,000. அடுத்து வருபவரும் ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கலாம். முதலில் போட்ட மானியம் ஒரே குடும்பத்தோடு போய்விடாமல் வீட்டிலேயே தங்குகிறது. வழக்கமான மானிய வீடுகளில் இதுதான் நடப்பதில்லை. பெரும்பாலும் முதல் கைமாற்றத்திலேயே சந்தை விலைக்குத் தாவிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. என் அத்தை வீடு கோயில் மனையில் கட்டியது. சுவரும் கூரையும் அவர்களுடையது, தரை சாமியுடையது. 'அடிமனை வாடகை கட்டியாச்சா?' என்பது அந்தத் தெருவில் எல்லார் வாயிலும் வரும் பேச்சு. வீடு வேறு, அதன் கீழுள்ள மண் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு சொல் போதும். அதனால் என் பரிந்துரை:

ஊர் அடிமனைக் கழகம். குத்தகைப் பத்திரத்துக்கு அடிமனைக் குத்தகை.

'ஊர் என்றால் கிராமம் ஆகிவிடாதா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சென்னைக்காரரிடமும் 'உங்களுக்கு எந்த ஊர்?' என்றுதானே கேட்கிறோம்? லண்டனும் ஊர்தான். அடிமனை என்றால் கோயில் மனை வழக்குகள் நினைவுக்கு வருமே என்று இங்கே எழுதிய ஓர் அம்மையாரின் கவலை நியாயமானது. ஆனால் இந்த அமைப்பில் குடியிருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் நிர்வாகக் குழுவில் உட்காருகிறார்கள். அந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் முன்னால் 'ஊர்' வேண்டும்.

ஊர் என்பதற்கு இன்னொரு உரிமையும் உண்டு. இவ்வகை அமைப்புகளில் முதலாவதாகக் கருதப்படுவது 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின உழவர்களுக்காகத் தோன்றிய நியூ கம்யூனிட்டீஸ். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஸ்வான், காந்தியின் சீடரான வினோபா பாவேயின் கிராமதான இயக்கத்திலிருந்து ஊக்கம் பெற்றவர். நிலம் உள்ளவர்களிடம் தானமாகப் பெற்று ஏழைகளுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த பூதான நிலம் மறுபடி கைவிட்டுப் போகக்கூடும் என்பதால்தான் நிலத்தை ஊர்ப் பெயரில் வைக்கும் கிராமதானம் முக்கியமானது. அப்படியிருக்க, இந்தக் கருத்து தமிழுக்கு வரும்போது 'ஊர்' என்ற சொல் இல்லாமல் வருவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்த வீடுகளைப் பற்றிப் பேசும்போது வரும் 'அஃபோர்டபிள்' என்ற சொல்லுக்கு 'மலிவு விலை' வேண்டாம் என்று சிலர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு. மலிவு என்றால் தரம் குறைந்தது என்ற வாடை வருகிறது. 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று வீட்டுத் தரகரிடம் சொல்கிறோமே, அதிலிருந்து 'கட்டுப்படி விலை' எடுக்கலாம். என்றைக்கும் அப்படியே இருப்பதற்கு 'நிலைத்த கட்டுப்படி விலை'.

மறுவிற்பனை விலையைக் கணக்கிடும் விதிக்கு 'மறுவிற்பனை வாய்பாடு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். 'கைமாற்று விலை' இன்னும் எளிதாக இருந்தாலும், கைமாற்றுக் கடனோடு குழம்புமோ என்று தயங்குகிறேன். பத்திரப்பதிவுத் துறையில் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சொன்னால் நல்லது.