பெயிண்ட்பால் மார்க்கரை (சாயக் குண்டு சுடும் துப்பாக்கி) சிஓ2-விலிருந்து (கார்பன் டை ஆக்சைடு) காற்று டேங்குக்கு மாற்றுவது அவசியமா?

புது முகமூடி:
என்னிடம் இருப்பது டிப்மன் 98. 20 அவுன்ஸ் சிஓ2 டேங்கில் ஓடுகிறது. கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் அழுத்தக் காற்றுக்குப் போய்விட்டார்கள், என்னையும் மாறச் சொல்கிறார்கள். 3000 பிஎஸ்ஐ (அழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. மார்க்கர் தாங்குமா? மாறத்தான் வேண்டுமா?

பழைய கை:
வேண்டவே வேண்டாம் தம்பி. 98 முழுக்க மெக்கானிக்கல், சிஓ2-வில் ஆண்டுக்கணக்கில் ஓடும். 20 அவுன்ஸில் 800 முதல் 1000 குண்டு வரை வரும். 48 கன அங்குல, 3000 பிஎஸ்ஐ டேங்கில் 500 வந்தாலே பெரிது. கைக்காசைப் போட்டுப் பாதியை வாங்குவானேன்? 1981-இல் நடந்த முதல் ஆட்டமே 12 கிராம் சிஓ2 குப்பியை வைத்துத்தான்!

ஓரிங் வைத்தியர்:
முதலில் பயத்தைத் தீர்ப்போம். 3000 என்பது டேங்குக்குள் மட்டும். கழுத்திலிருக்கும் ரெகுலேட்டர் அதை 800, 850-க்கு இறக்கித்தான் வெளியே விடும். 21 டிகிரி வெப்பத்தில் சிஓ2 தருவதும் கிட்டத்தட்ட 850-தான். மரையும் ஒன்றே, அப்படியே திருகலாம்.

இப்போது அண்ணனுக்கு. சிஓ2 டேங்கில் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 0 டிகிரியில் அது சுமார் 500-க்கு வந்துவிடும். குளிர்காலம்கூட வேண்டாம், விடாமல் சுட்டாலே போதும். திரவம் ஆவியாக வேண்டிய வெப்பத்தை டேங்கிலிருந்தே உறிஞ்சுகிறது, டேங்க் மேல் வெண்பனி படிகிறது, குண்டு பாதி தூரத்தில் தலை கவிழ்கிறது. வெயிலில் கிடந்தால் நேர் எதிர். காலையில் குரோனோவில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) நொடிக்கு 280 அடி வைத்த மார்க்கர், உச்சி வெயிலில் 300-ஐத் தாண்டலாம். பல களங்களில் அதுதான் உச்ச வரம்பு. எதிரே நிற்பவன் உடம்பில் படும் விஷயம் இது.

பழைய கை:
விடாமல் சுடுகிறவனுக்குத்தானே அந்த வம்பு? நான் நின்று, பார்த்து, ஒவ்வொன்றாய்ச் சுடுகிறவன். திரவம் மார்க்கருக்குள் வராமலிருக்க ஆன்டி-சைபன் குழாய் போட்டிருக்கிறேன். இன்னொன்றையும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். காற்று டேங்க் 850-க்குக் கீழே இறங்கினால் ரெகுலேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, வேகமும் கூடவே இறங்கும். 3000-இல் கால்வாசிக்கு மேல் அங்கேயே போச்சு. சிஓ2-வில் கடைசித் துளித் திரவம் இருக்கும்வரை, டேங்க் குளிராமல் பார்த்துக்கொண்டால், அதே அழுத்தம்.

ஓரிங் வைத்தியர்:
அந்தக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் முடிந்தவர்கள் 68/4500 (68 கன அங்குலம், 4500 பிஎஸ்ஐ) கார்பன் ஃபைபர் டேங்க் வாங்குகிறார்கள், 1000 குண்டு வரும். ஆனால் ஆன்டி-சைபன் குழாய், மார்க்கரைக் கிடையாகப் பிடித்திருக்கும்போதுதான் காப்பாற்றும். மார்க்கரின் முனையைக் கீழே கவிழ்த்து ஓடினால் திரவம் உள்ளே வந்து ஓரிங்கை (கசிவைத் தடுக்கும் வளையம்) கெடுக்கும். நாளைக்குத் தம்பி சோலனாய்டு (மின்காந்த வால்வு) வைத்த எலெக்ட்ரானிக் மார்க்கர் வாங்கினால் சிஓ2-வைப் பக்கத்திலேயே கொண்டுபோக முடியாது. காற்று டேங்க் அப்போதும் உதவும்.

விசில்காரன்:
இருவரும் விட்டதைச் சொல்கிறேன். தம்பி, உங்கள் களத்தில் எதை நிரப்பித் தருகிறார்கள்? 3000 மட்டும் நிரப்புகிற இடத்தில் 4500 டேங்க் வாங்கிப் பயனில்லை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸரை நம்பாதீர்கள், அது 150-இலேயே மூச்சு வாங்கும். நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ துளிகூடப் படக் கூடாது, உயரழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். பழைய டேங்க் என்றால் மேலே பொறித்த சோதனைத் தேதியைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். சிஓ2-வைக் கழற்றும்போதும் கவனம்: மார்க்கரிலிருந்து வால்வு கழல்கிறதா, வால்விலிருந்து டேங்க் கழல்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நடந்து உயிர் போயிருக்கிறது. வால்வுக்கும் டேங்குக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்தால் நகர்ந்தது தெரியும்.

புது முகமூடி:
கேட்டுவிட்டேன். இரண்டும் நிரப்புகிறார்கள், காற்று 3000 வரைதான். நான் கொஞ்சம் விசையை விடாமல் அழுத்துகிற ஆள்... 48/3000 எடுக்கிறேன்.

பழைய கை:
எடுங்கள், எடுங்கள். மாட்டியதும் குரோனோவில் வைத்து வேக ஸ்க்ரூவைத் திரும்பச் சரிசெய்யாமல் களத்தில் இறங்காதீர்கள். அப்புறம், அந்த 20 அவுன்ஸ் டேங்கை விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.