குழம்பு மிளகாய்த்தூள் அரைத்த அனுபவம்: உங்கள் வீட்டில் எப்படி?

மதுரைப் பக்கத்திலிருந்து:
வெயில் ஏறிவிட்டது, மில்லில் கூட்டமும் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். வற்றல் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ, சீரகமும் மிளகும் தலா 100 கிராம், வெந்தயம் 50, விரலி மஞ்சள் 50, துவரம்பருப்பு ஒரு கைப்பிடி. வற்றலில் பாதி ராமநாதபுரம் குண்டு, பாதி நீட்டு. குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் கிடைத்தது. காரம் அதற்கு முன்பே இருந்தது!

மல்லியையும் வற்றலையும் நன்றாக வெயிலில் போட்டால் போதும், வறுக்க வேண்டாம். காம்பை ஒடித்தால் சட்டென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் கொடுங்கள். வெந்தயத்தை மட்டும் வெறும் சட்டியில் சிவக்க வறுப்பேன். கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். மஞ்சளை முன்கூட்டியே இடித்து உடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மில்காரர் முணுமுணுப்பார்.

அங்கே போனதும் நான் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இதற்கு முன்னால் என்ன ஓடியது?" போன முறை "மல்லிதான் அக்கா" என்றார். தூள் விழும் துணிப்பையை விரலால் தட்டி முகர்ந்தேன். சீயக்காய்! முதலில் ஒரு பிடி மல்லியை ஓட்டி அதைத் தனியாக எடுத்த பிறகே என் சரக்கைக் கொட்ட விட்டேன். அவருக்குக் கோபம்தான். அதற்காகச் சீயக்காய்க் குழம்பா சாப்பிட முடியும்?

கோவையிலிருந்து:
எல்லாவற்றையும் சேர்த்து அரைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை அக்கா. வத்தக்குழம்பும் பருப்புக் குழம்பும் ஒரே வாசனையில் வந்துவிடுகின்றன. மல்லித்தூள் தனி, மிளகாய்த்தூள் தனி. சீரகமும் மிளகும் அன்றன்றைக்கு அம்மியில். வேலை கூடத்தான்.

மும்பையிலிருந்து:
இங்கே லால்பாகில் மிளகாய்க் கடைகளுக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பு ஆண்டு மசாலாவுக்கு ஊரே அங்கு திரளும். எதிர்வீட்டு மராத்தி அத்தை என்னையும் அழைத்துப் போனார். வற்றலை அவர் ஒரே வகையில் வாங்குவதில்லை. பியாடகி நிறத்துக்கு, லவங்கி காரத்துக்கு, இரண்டுக்கும் நடுவே சங்கேஸ்வரி. கடைக்காரர் சொன்ன கலவையை ஏற்காமல் லவங்கியைப் பாதியாகக் குறைத்தார்.

அரைக்கும் இடத்தில் நம் ஊர் மில் இல்லை. வரிசையாக இரும்பு உலக்கைகள் மாறி மாறி ஏறி இறங்கி இடிக்கின்றன. பேசினால் காதில் விழாது, தும்மலை அடக்கவும் முடியாது. இடித்த தூள் கொஞ்சம் கொரகொரப்பாக வருகிறது. அந்தப் பதம் எனக்குப் பிடித்துவிட்டதால் இப்போது சாம்பார்ப் பொடியையும் அங்கேதான் இடிக்கிறேன்.

அவர்களின் கோடா மசாலாவில் கொப்பரை, எள், கல்பாசி எல்லாம் உண்டு. கல்பாசியைப் பார்த்ததும், செட்டிநாட்டுச் சமையலில் நாங்களும் போடுகிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாள் கோழிக்குழம்பு கொடுத்தனுப்பினேன், பாத்திரம் காலியாகத் திரும்பி வந்தது. அவரிடம் நான் கற்றது, ஜாடியில் தூளை அழுத்தி நிரப்பி, மேலே பெருங்காயக் கட்டிகளை வைத்து மூடுவது. வண்டு அண்டுவதில்லை.

சென்னை, அடுக்குமாடி வீட்டிலிருந்து:
எங்களுக்கு மொட்டை மாடிச் சாவியே கிடைக்காது, மில்லும் தூரம். பால்கனி வெயிலில் காயவைத்து, மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறேன். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி மணம் போய்விடுகிறது. அதனால் விட்டு விட்டுச் சுற்றுவேன். சலித்தபின் நிற்கும் கப்பியை அடுத்த ஈடோடு சேர்த்து அரைக்கலாம். அரைத்த தூளைச் செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை ஒட்டும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை விடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும்.

கோவை அக்காவுக்கு ஒரு கேள்வி: தனி மல்லித்தூள் எத்தனை மாதம் மணம் தாங்குகிறது?